மாத்திரை இலவசம், கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? மெர்க் நிறுவனத்தின் ஆற்றுக் குருடு நன்கொடை: ஒரு நிகழ்வு ஆய்வு

1987 அக்டோபர் 21 அன்று அமெரிக்க மருந்து நிறுவனமான மெர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மெக்டிசான் என்ற தன்னுடைய மாத்திரையை, ஆற்றுக் குருடு நோய் இருக்கும் எல்லா நாடுகளுக்கும், வேண்டிய அளவுக்கு, வேண்டிய காலம் வரைக்கும், காசு வாங்காமல் கொடுப்போம் என்றது. இன்றைக்கும் அந்த மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. அறிவித்த தலைவர் ஓய்வு பெற்று, அவருக்குப் பின் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். வாக்கு மாறவில்லை.

சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, என்ற சொல் நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் புழங்கும் காலத்தில் இந்தக் கதையை முழுசாகப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். பொதுவாக இதைச் சொல்பவர்கள் "மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள், கண்கள் பிழைத்தன" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இலவசம் என்பது இதில் சின்னப் பகுதி. முடிவுத் தேதி போடாத வாக்கும், விநியோகத்தை வாங்கிக்கொள்ளும் மக்கள் கையிலேயே விட்டதும்தான் இதை ஓடவைத்தன. மற்ற நிறுவனங்கள் பார்த்து எழுதும்போது விட்டுவிடுவதும் இந்த இரண்டைத்தான்.

நோய் எப்படிப்பட்டது

வேகமாக ஓடும் ஆறுகளில், பாறையில் தண்ணீர் மோதி நுரைக்கும் இடங்களில், ஒரு வகைக் கருப்பு ஈ பெருகும். அது கடிக்கும்போது ஆங்கோசெர்க்கா வால்வுலஸ் என்ற புழுவின் இளம்பருவம் உடம்புக்குள் போகிறது. வளர்ந்த புழுக்கள் தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தங்கி 10 முதல் 15 வருடம் வரை உயிரோடு இருக்கும். பெண்புழு லட்சக்கணக்கில் நுண்புழுக்களைப் பெற்றுத் தள்ளும். அந்த நுண்புழுக்கள் தோலுக்குள் அலைவதாலும் சாவதாலும் வருவது அரிப்பு. சாதாரண அரிப்பு இல்லை, கல்லையும் ஓட்டுத்துண்டையும் வைத்துச் சொறிய வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். கண்ணுக்குள் போனவை செத்துச் செத்து வருடக்கணக்கில் பார்வையை மறைத்துவிடும்.

நோயாளிகளில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வோல்டா ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிய கிராமங்களில் பெரியவர்களில் கணிசமான பேருக்குப் பார்வை போயிருந்தது, குச்சியின் ஒரு முனையைச் சிறுவனும் மறுமுனையைப் பார்வை இழந்த பெரியவரும் பிடித்து நடப்பது அங்கே அன்றாடக் காட்சி. அப்புறம் ஒரு கட்டத்தில் ஊரே கிளம்பிவிடும். ஆற்றங்கரை வண்டல் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு, மேட்டுக்குப் போய் விளையாத மண்ணைக் கிளறுவார்கள். பட்டினிக்கும் இந்த நோய்க்கும் இருந்த உறவு அதுதான்.

மெர்க் வருவதற்கு முன்பே இதற்கு எதிராகப் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். உலக வங்கித் தலைவராக இருந்த ராபர்ட் மெக்நமாரா 1972-ல் அப்போதைய அப்பர் வோல்டாவுக்கு, இன்றைய புர்கினா பாசோவுக்குப் போய் இந்த ஊர்களைப் பார்த்தார். 1974-ல் உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐநா அமைப்புகளும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கி, ஹெலிகாப்டரிலிருந்து ஆறுகளில் மருந்து தெளித்து ஈயின் புழுப்பருவத்தைக் கொன்றன. படிப்படியாக 11 நாடுகளுக்கு விரிந்து, 2002-ல் முடிந்த திட்டம். சுமார் 6 லட்சம் பேர் பார்வை இழக்காமல் காக்கப்பட்டார்கள், 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மறுபடி சாகுபடிக்கு வந்தது என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. அதில் பெரும்பங்கு ஆற்றில் தெளித்த மருந்துக்கும் அதற்கு வரிப்பணம் கொடுத்த அரசுகளுக்கும் உரியது.

ஆனால் ஆறு முழுக்கத் தெளித்தாலும் ஏற்கெனவே உடம்பில் புழு இருப்பவருக்கு அதனால் பயன் இல்லை. அவருக்குக் கொடுக்க இருந்தவை இரண்டே மருந்து. ஒன்று சுராமின், ஊசியாகப் போட வேண்டும், நச்சுத்தன்மை அதிகம். இன்னொன்று நமக்கு நன்றாகவே தெரிந்த டிஇசி, நம் ஊரில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த அதே மாத்திரை. ஆற்றுக் குருடு நோயாளிக்கு அதைக் கொடுத்தால் நுண்புழுக்கள் ஒரேயடியாகச் செத்து, காய்ச்சலும் வீக்கமும் கடும் அரிப்பும் வந்து, சிலருக்கு இருக்கிற பார்வையும் போய்விடும். கிராமம் முழுக்கக் கொடுக்கிற மருந்து அது கிடையாது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

ஜப்பானின் கிட்டசாட்டோ ஆய்வு நிலையத்தில் சதோஷி ஓமுரா ஊர் ஊராக மண் எடுத்து, அதிலிருக்கும் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்துக்கொண்டிருந்தார். இட்டோ நகரப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி எடுத்த மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, நியூஜெர்சி மாநிலத்தில் ராவே என்ற ஊரில் இருந்த மெர்க் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே வில்லியம் கேம்பல் குழு, குடற்புழு உள்ள எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் புழுக்கள் போய்விட்டன. அது சுரந்த பொருளை வேதியியல் முறையில் சற்று மாற்றிச் செய்ததுதான் ஐவர்மெக்டின், மெக்டிசான் மாத்திரையில் இருக்கும் மருந்து. 1981-ல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்து மாடு, குதிரை, ஆடு என்று உலகம் முழுக்க விற்றுக் குவித்தது.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மனிதருக்கு இலவசமாகக் கொடுக்க முடிந்ததற்குப் பின்னால் கால்நடைச் சந்தையில் வந்த லாபம் இருந்தது. ஆய்வுச் செலவின் பெரும்பகுதியை மாடு வளர்ப்பவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். அதனால் மெர்க் செய்தது சிறிதாகிவிடாது. ஆனால் எல்லா மருந்தையும் இப்படிக் கொடுக்க முடியும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குதிரையின் உடம்பில் ஆற்றுக் குருடு புழுவுக்குச் சொந்தக்காரப் புழு ஒன்று உண்டு. ஐவர்மெக்டின் அதன் நுண்புழுக்களைக் கொல்கிறது என்று தெரிந்ததும், மனிதருக்கும் பயன்படும் என்று கேம்பல் மேலே எழுதினார். அப்போது ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் ராய் வாஜெலோஸ். அவர் சரி என்றார். மெர்க்கில் இருந்த மருத்துவர் முகமது அஜீஸ் 1981-ல் செனகலின் டக்கார் நகரில் முதல் மனிதச் சோதனையைத் தொடங்கினார். ஒரே ஒரு வேளை மருந்தில் தோலில் இருந்த நுண்புழுக்கள் ஏறக்குறைய காணாமலே போயின, டிஇசி கொடுத்தால் வருவது போன்ற கடும் எதிர்விளைவும் வரவில்லை. அதன் பிறகு சோதனைகள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்தன. கேம்பலும் ஓமுராவும் 2015-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அஜீஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை, நன்கொடை அறிவிப்பு வந்த அதே 1987-ன் கடைசியில் இறந்துவிட்டார். அவர் பெயரை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

யாரும் வாங்க முன்வராதபோது

மருந்து தயார். நோயாளியிடம் பணம் இல்லை, அவருடைய அரசாங்கத்திடமும் இல்லை. வாஜெலோஸ் 1985-ல் நிறுவனத் தலைவரானார். முதலில் அவர் செய்ததும் எல்லோரும் செய்வதுதான், அமெரிக்க அரசும் மற்ற பெரிய கைகளும் வாங்கிக் கொடுக்குமா என்று கேட்டுப் பார்த்தார். யாரும் முன்வரவில்லை. பிரெஞ்சு அரசின் அனுமதி 1987 அக்டோபரில் வந்த கையோடு, நாங்களே கொடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டார்.

உள்ளே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவிட்டால், அடுத்து ஏழை நாட்டு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற எல்லோரிடமும் இலவசமாகவே கேட்பார்கள், அதனால் அந்தப் பக்கமே ஆராய்ச்சி செய்ய ஆள் வராது என்ற வாதம் அன்றைக்கே இருந்தது. அது வெறும் சாக்கு கிடையாது, யோசிக்க வேண்டிய வாதம்தான். கடைசியில் மறுபடி அதற்கு வருகிறேன்.

வாக்கில் தேதி இல்லாததற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. ஐவர்மெக்டின் நுண்புழுவைக் கொல்லும், வளர்ந்த புழுவைக் கொல்லாது. பெண்புழு சில மாதம் பெறாமல் இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிடும். ஆகவே அந்தப் புழு கிழடாகிச் சாகும் வரை, வருடத்துக்கு ஒரு முறையாவது, 10, 15 வருடம் விடாமல் கொடுக்க வேண்டும். மூன்று வருடத் திட்டம் போட்டு நாலாவது வருடம் நிறுத்தினால் புழு மிச்சம், நோய் திரும்பும், செலவழித்ததெல்லாம் வீண். நோயின் கணக்குப்படி வாக்குக் கொடுத்தார்கள், நிதியாண்டின் கணக்குப்படி கொடுக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

குச்சியும் கூட்டமும்

அடுத்த கேள்வி, சாலை இல்லாத ஊருக்கு, மருத்துவர் இல்லாத இடத்துக்கு, எடை பார்க்கும் தராசுகூட இல்லாத இடத்துக்கு, வருடா வருடம் மாத்திரையைக் கொண்டு சேர்ப்பது யார்?

யாருக்குக் கொடுப்பது என்பதை மெர்க் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பெரியம்மை ஒழிப்பில் பேர்பெற்ற வில்லியம் ஃபோகி தலைமையில் 1988-ல் ஒரு நிபுணர் குழு அட்லாண்டாவில் அமைந்தது. நாடுகளும் தொண்டு நிறுவனங்களும் அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்கும், குழு பார்த்து ஒப்புக்கொள்ளும், மெர்க் அனுப்பும். கார்ட்டர் மையம், சைட்சேவர்ஸ், லயன்ஸ் சங்கங்கள் என்று பல தொண்டு அமைப்புகள் களத்தில் இறங்கின.

ஆரம்பத்தில் நடமாடும் குழுக்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயின. செலவு அதிகம். வண்டி வருகிற நாளில் ஊர் மக்கள் வயலில் இருப்பார்கள். பாதிப் பேருக்குக் கிடைக்காது. 1990-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆய்வுப் பிரிவு, இந்த வேலையைக் கிராமத்திடமே கொடுத்தால் என்ன ஆகும் என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்தது. சுகாதாரத் துறை வகுத்துக் கொடுத்த முறைக்குக் கிராமம் தானே வகுத்துக்கொண்ட முறை எந்த விதத்திலும் குறையவில்லை. 1995-ல் தொடங்கிய ஆப்பிரிக்க ஆற்றுக் குருடு கட்டுப்பாட்டுத் திட்டம் இதையே தன் அடித்தளமாக வைத்துக்கொண்டது.

நடைமுறை இப்படி. ஊர்க்கூட்டம் கூடும். எந்த மாதம் கொடுப்பது, வீடு வீடாகப் போவதா ஓரிடத்தில் கொடுப்பதா, கொடுப்பது யார், எல்லாவற்றையும் ஊரே முடிவு செய்யும். தேர்ந்தெடுத்தவருக்குச் சுகாதாரப் பணியாளர் பயிற்சி கொடுப்பார். தராசுக்குப் பதில் ஒரு குச்சி. உயரத்தை வைத்து மாத்திரை: 90 செ.மீ.-க்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கிடையாது, 119 வரை ஒன்று, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நாலு. கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாதவருக்கும், கடுமையாக நோயுற்றவருக்கும் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான். பள்ளி இறுதி வரை போகாத ஒருவரும் ஒரு நாள் பயிற்சியில் பிழையில்லாமல் செய்துவிடலாம். இந்தக் குச்சியை யோசித்தவர்கள் எழுதப்படிக்கத் தெரியாத மனிதர்களின் அறிவை மதித்தவர்கள்.

உகாண்டாவில் இன்னும் ஒரு படி போனார்கள். ஊருக்கு ஒருவர் என்று வைப்பதைவிட, ஒவ்வொரு வம்சக் கூட்டத்துக்கும் அதற்குள்ளேயே ஒருவரை வைத்தால் நன்றாக நடக்கிறது என்று கண்டார்கள். தன் பங்காளி வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுக்கிறவர் கூலி கேட்பதில்லை, அவர் வீட்டுக்கு வருவதை யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. பெண்களும் அதிகமாக வேலைக்கு வந்தார்கள்.

மாத்திரை முதல் முறை போட்டதும் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் அரிப்பும் வீக்கமும் வரும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அடுத்த வருடம் வாங்க மாட்டார்கள். சொல்லி வைப்பதற்கு அந்த ஊர் ஆள் வேண்டும். இன்னொரு பக்கம், வயிற்றுப் பூச்சி வெளியே வருவதையும் தலையில் பேன் போவதையும் மக்கள் கண்ணால் பார்த்தார்கள், அதனாலேயே இந்த மாத்திரைக்கு நல்ல பேர் வந்தது.

இதை நம் டிஇசி அனுபவத்தோடு வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் மற்ற மாநிலங்களிலும் யானைக்கால் மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்தபோது, கொடுத்த எண்ணிக்கைக்கும் விழுங்கிய எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. வாங்கி அலமாரியில் வைத்த வீடுகள் ஏராளம். எதற்கு என்று தெரியாத மாத்திரையை, உடம்பில் ஒன்றும் இல்லாதவர், யாரோ கொடுத்தார்கள் என்று ஏன் விழுங்க வேண்டும்? குறை மக்களிடம் இல்லை.

சரியாகப் போகாத இடங்கள்

மத்திய ஆப்பிரிக்காவின் காட்டுப் பகுதிகளில், குறிப்பாக கேமரூனிலும் காங்கோவிலும், லோவா லோவா என்ற இன்னொரு புழுவும் உண்டு. அந்தப் புழு ரத்தத்தில் மிக அதிகமாக உள்ளவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதித்து மயக்கநிலைக்குப் போய்விடலாம், இறந்தவர்களும் உண்டு. நல்லது செய்யப் போய் உயிர் போனால் ஒரு வட்டாரமே கதவைச் சாத்திக்கொள்ளும், சாத்திக்கொண்டது. செல்போனில் பொருத்திய சிறு நுண்ணோக்கியால் விரல் நுனி ரத்தத்தைப் பார்த்து, புழு அதிகம் இருப்பவரை மட்டும் விலக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் முறையை 2015-ல் கேமரூனில் சோதித்தார்கள், நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒவ்வொருவர் விரலையும் குத்த வேண்டும், வேலையும் செலவும் பல மடங்கு.

அப்புறம் நிறுவனத்தைப் பற்றி. அமெரிக்க வரிச் சட்டத்தில் இப்படிப்பட்ட சரக்கு நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு, ஆகவே முழுச் சுமையும் பங்குதாரர் தலையில் விழுந்தது என்று சொல்ல முடியாது. மேலும் இதே மெர்க்தான் வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை விற்று, மாரடைப்பு அபாயம் காரணமாக 2004-ல் திரும்பப் பெற்று, 2007-ல் வழக்குகளை முடிக்க 485 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் கொடையைப் பாராட்டுவதும் அதன் தவறைக் கேள்வி கேட்பதும் ஒரே வாயால் செய்ய வேண்டியவை. கொடையைக் காட்டி மற்றதை மறைக்க விடக் கூடாது, மற்றதைக் காட்டி ஆப்பிரிக்கக் கிராமத்தில் பிழைத்த பார்வையைக் குறைத்துப் பேசவும் கூடாது.

பள்ளிக்கூடத்துக்குப் போன இன்னொரு கை

வாஜெலோஸ் கிரேக்கக் குடியேறிகளின் மகன். அவருடைய அப்பா அம்மா ராவே ஊரில் ஒரு சிறு உணவுக்கடை நடத்தினார்கள். பக்கத்திலிருந்த மெர்க் ஆய்வகத்து விஞ்ஞானிகள் அங்கே வந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவதைக் கேட்டு வளர்ந்த பையன் வேதியியல் படிக்கப் போனான். விஞ்ஞானியைப் பக்கத்தில் பார்க்கக் கிடைத்தது அவனுடைய அதிர்ஷ்டம், எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது.

1993-ல், அவர் தலைமையில் இருந்த காலத்திலேயே, மெர்க் ஓர் அறிவியல் கல்வி நிலையத்தைத் தொடங்கியது. 10 வருடத்துக்கு 2 கோடி டாலர் என்று உறுதி சொன்னது. ராவே, லிண்டன், ரீடிங்டன், நார்த் பென் என்று தன் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இருக்கும் பகுதிகளின் நாலு பள்ளி மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. கருவிகளை வாங்கி இறக்கிவிட்டுப் போகவில்லை, ஆசிரியர்களுக்கு வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்தது. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து, ஏன் என்று கேட்டுக் கற்கும் பாடமுறைக்கு ஆசிரியரைப் பழக்குவதுதான் நோக்கம். விளைவைப் பார்க்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்விக்கொள்கை ஆய்வுக் குழுவை வைத்தது. இங்கேயும் அதே இரண்டு விஷயம்: நீண்ட காலம், வேலை செய்கிறவர் கையில் பொறுப்பு.

மருத்துவமும் அறிவியல் கல்வியும் இரண்டு தனிப் பெட்டிகள் என்று நினைப்பவர்களுக்கு 2021-ஐ நினைவுபடுத்துகிறேன். கொரோனாவுக்கு ஐவர்மெக்டின் மருந்து என்று உலகம் முழுக்க வதந்தி. சிலர் குதிரைக்கான பசையையே வாங்கித் தின்றார்கள். நம் கோவாவில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கொடுப்பதாக அரசே அந்த மே மாதம் அறிவித்தது. அதற்கு முன்பே பிப்ரவரியில், மருந்தை விற்கும் மெர்க் நிறுவனமே, இது கொரோனாவுக்குப் பயன்படும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லியிருந்தது. சோதனை என்றால் என்ன, ஒப்பீட்டுக் குழு எதற்கு என்று எட்டாம் வகுப்பில் கையால் செய்து கற்ற பிள்ளை அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்ததும் நாலு கேள்வி கேட்டிருக்கும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். கல்வியும் மருத்துவமும்தான் இதில் அதிகப் பணம் போகும் துறைகள். நல்ல சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் தொடர் திட்டம் என்று ஒன்றை எடுத்தால், தொடங்கிய வருடம் போக மூன்று வருடம்தான் அதன் ஆயுள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வரம்புக்கும் நியாயம் உண்டு, பணத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதைத் தடுக்கவும் அலுவலகத்துக்கே சாப்பிடக் கொடுப்பதைத் தடுக்கவும் வைத்தவை. என்றாலும் இவற்றின் நிழலில் நிறுவனங்கள் எதைத் தேர்ந்தெடுக்கும்? மார்ச் 31-க்குள் ரசீது கிடைக்கும் பொருளை. ஸ்மார்ட் போர்டு, ஆய்வகக் கருவி, ஸ்கேன் மெஷின், ஆம்புலன்ஸ். ரிப்பன் வெட்டிப் படம் எடுத்த ஆய்வகத்தின் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. கருவி உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அடுத்த வருடம் வந்து கேட்க ஆள் இல்லை, உடைந்தால் மாற்ற வழி இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு ஒரு நிறுவனம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், பொருளின் பட்டியலைக் கொடுக்கும் முன் எத்தனை வருடம் இருப்பீர்கள், யாருக்குப் பயிற்சி கொடுப்பீர்கள், பழுது பார்க்கும் செலவு யாருடையது என்று கேளுங்கள். மூன்று வருடம்தான் முடியும் என்றால் அந்த மூன்று வருடத்தில் யார் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை.

இன்றைய நிலை

1998-ல் மெர்க் தன் வாக்கை விரித்து, ஆற்றுக் குருடும் யானைக்காலும் சேர்ந்திருக்கும் நாடுகளில் யானைக்காலுக்கும் மெக்டிசான் தருவதாகச் சொன்னது. அதனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தை, இன்று ஜிஎஸ்கே ஆகியிருக்கும் நிறுவனம் நன்கொடையாகத் தந்தது. ஒருவர் கொடுத்ததைப் பார்த்து இன்னொருவர் வந்தார். ஆற்றுக் குருடு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்த முதல் நாடு கொலம்பியா, 2013-ல். பிறகு ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா. ஆப்பிரிக்காவில் முதலாவதாக 2025 ஜனவரியில் நைஜர். அறிவிப்பிலிருந்து எண்ணினால் 37 வருடம் ஆகிறது. பிரேசில், வெனிசுவேலா எல்லைக் காட்டில் யானோமாமி மக்களிடையே இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆப்பிரிக்காவில் நிறையவே இருக்கிறது.

முன்பு சொன்ன வாதத்துக்கு வருகிறேன். இலவசமாகக் கொடுத்தால் அடுத்த மருந்துக்கு ஆள் வருமா? ஐவர்மெக்டினைவிட நீண்ட காலம் நுண்புழுக்களை அடக்கி வைக்கும் மாக்சிடெக்டின் என்ற மருந்துக்கு 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இதுவும் கால்நடை மருந்தாக இருந்ததுதான். அனுமதி வாங்கியது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, லாப நோக்கமற்ற ஒரு சிறு அமைப்பு. பெரிய நிறுவனம் எதுவும் கடைசி வரை கொண்டுவரவில்லை. ஆக அந்த வாதத்தில் பாதி உண்மை இருந்தது, ஆள் வந்தது, ஆனால் சந்தையிலிருந்து வரவில்லை. மாக்சிடெக்டினும் வளர்ந்த புழுவைக் கொல்லாது. அதைக் கொல்லும், கிராமம் முழுக்கப் பயமில்லாமல் கொடுக்கக்கூடிய மருந்து இன்னும் வரவில்லை. லோவா லோவா உள்ள காட்டு ஊர்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான், அதற்கான ஆராய்ச்சிக்கும் முடிவுத் தேதி இல்லாத பணம் வேண்டும்.